மாடர்ன் வீடு என்றால் என்ன? குமரி மாவட்டத்தில் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் சாலையின் இருபுறமும் புதிதாக எழும் பெரிய வீடுகளுக்கு ஒரே முகச்சாயல் இருக்கிறது. தட்டையான கூரை, வெள்ளைச் சுவர், நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கறுப்புச் சட்டமிட்ட பெரிய கண்ணாடி, கார் போர்ச்சுக்கு மேலே மரநிறத் தகடு. கேட்டால் 'மாடர்ன் எலிவேஷன்', அதாவது மாடர்ன் முகப்பு, என்பார்கள். இவற்றில் பல வீடுகள், வளைகுடா நாட்டில் ஒருவர் தன் இளமை முழுவதையும் கொடுத்துச் சேர்த்த பணத்தில் எழுபவை. அந்தப் பணத்தைப் போடும் குடும்பத்துக்கு, தாங்கள் எதைக் கட்டுகிறோம், அது எங்கிருந்து வந்தது, நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அது எப்படி நிற்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கட்டடக்கலை படிக்காதவருக்கும் புரியும்படி, நவீனத்துவ வீடு என்ற கருத்தை அஸ்திவாரத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

சுவரிலிருந்து பாரம் இறங்கியது

பழைய ஓட்டு வீட்டில் கூரையைத் தாங்குவது சுவர். மாடி எழுப்பினால் கீழே எங்கே சுவரோ அங்கேதான் மேலேயும் சுவர். ஜன்னலைப் பெரிதாகத் திறந்தால் சுவர் பலமிழக்கும் என்பதால் ஜன்னல்கள் சிறியவை. ஆசாரிக்குக் கிடைக்கும் உத்திரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பாதியைக் குடும்பம் முடிவு செய்யவில்லை, பாரம்தான் முடிவு செய்தது.

இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் வந்ததும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. லெ கொர்பூசியே என்று பின்னாளில் உலகம் அறிந்த கட்டடக்கலைஞர் 1914ல் 'டோம்-இனோ' என்ற பெயரில் ஒரு எளிய அமைப்பை வரைந்தார். மூன்று தட்டையான தளங்கள், ஆறு தூண்கள், ஒரு படிக்கட்டு. சுவரே கிடையாது. பாரம் முழுவதையும் தூணும் தளமும் வாங்கிக்கொண்டால் சுவருக்கு மிஞ்சும் வேலை மறைப்பதும் பிரிப்பதும்தான். அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், வளைக்கலாம், கண்ணாடியாக்கலாம், இல்லாமலும் விட்டுவிடலாம். நவீனத்துவக் கட்டடக்கலையின் வேர் இந்த ஒரே எண்ணத்தில் இருக்கிறது. வெள்ளை நிறமும் பெட்டி வடிவமும் பிறகு வந்து சேர்ந்தவை.

இன்று நம் ஊரில் ஆர்.சி.சி. பிரேம் (கம்பி போட்ட கான்கிரீட் சட்டகம்) போட்டு எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் படத்தோடு உறவுண்டு. தூண், பீம், தளம் எல்லாம் முடிந்தபின் கொத்தனார் இடையில் செங்கல் வைத்து அடைக்கிறார். அந்தச் செங்கல் சுவர் கூரையைத் தாங்குவதில்லை. ஆனாலும் நாம் அறைகளைப் பழைய வழக்கப்படியே சதுரம் சதுரமாக அடுக்கிவிட்டு, முகப்பில் மட்டும் புதிய பட்டைகளை ஒட்டிக்கொள்கிறோம். பிரேம் தந்த சுதந்திரத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று, அதைப் பயன்படுத்தவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அந்தச் சுதந்திரத்தால் என்னென்ன செய்யலாம் என்று லெ கொர்பூசியே 1920களில் ஐந்து அம்சங்களாகச் சொன்னார். வீட்டைத் தூண்களில் உயர்த்தித் தரையைத் திறந்துவிடுவது, தட்டட்டியை, அதாவது மொட்டைமாடியை, தோட்டமாக்குவது, உள்ளே அறைகளைத் தடையில்லாமல் பிரிப்பது, வெளிச்சுவரைப் பாரமில்லாத திரையாக்குவது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீளும் ஜன்னல் வைப்பது. பாரிசுக்கு அருகே புவாசியில் 1931ல் முடிந்த வில்லா சவொய் இந்த ஐந்தையும் ஒரே இடத்தில் காட்டும் குடும்ப வீடு. கட்டடக்கலை மாணவர் எல்லாரும் அதை வரைந்து பழகியிருப்பார்கள். அந்த வீட்டின் கூரை ஒழுகியதும், வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதி முறையிட்டதும் அதே அளவுக்குப் பதிவான வரலாறு. பிரான்சின் மழைக்கே அந்தக் கதி என்றால், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே வந்துபோகும் நம் மாவட்டத்தைப் பற்றித் தனியாக யோசித்தே ஆக வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆடம்பரம் எங்கே இருக்கிறது

நவீனத்துவம் அலங்காரத்தை வேண்டாம் என்றது, ஆகவே அது மொட்டையான, வறண்ட வீடு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை மாற்ற ஒரு வீடு போதும். வியன்னாவில் தொழில் செய்த அடால்ஃப் லூஸ், ஒட்டுவேலை அலங்காரத்தை எவரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர். அவர் செக் நாட்டின் பிராகா நகரில் மியூலர் குடும்பத்துக்குக் கட்டிய வீடு 1930ல் முடிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் கூடத்தில் பச்சை வரியோடிய சிப்போலினோ பளிங்கு, சாப்பாட்டு அறையில் மஹோகனி, வீட்டுப் பெண்மணியின் தனியறையில் எலுமிச்சை மரப் பலகை. செதுக்கல் இல்லை, பூவேலை இல்லை. கல்லின் வரியும் மரத்தின் ரேகையும்தான் அங்கே அலங்காரம். தெருவில் போகிறவருக்குக் காட்ட எதுவும் இல்லாத அந்த வீடு, உள்ளே வாழ்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் வைத்திருந்தது.

நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முகப்பில் கல் ஒட்டுகிறோம், எல்.இ.டி. பட்டை ஓட்டுகிறோம். உள்ளே படுக்கையறையில் அலமாரி திறந்தால் கட்டிலில் இடிக்கிறது. மதிய நேரம் ஹாலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. குடும்ப வீட்டில் ஆடம்பரம் என்று நான் மதிப்பது இவற்றை: பகலில் விளக்குத் தேவைப்படாத கூடம், மழைக்கும் திறந்து வைக்கக்கூடிய ஜன்னல், வாசலிலிருந்து பார்த்தால் அடுத்த முனையில் தெரியும் ஒரு மரம், சத்தமில்லாமல் மூடும் கதவு, தாத்தா பாட்டி படியேறாமல் போய்வரக்கூடிய குளியலறை. ஒவ்வொன்றுக்கும் நல்ல செலவு ஆகும்தான். ஆனால் முப்பது வருடம் கழித்தும் அது பழசாகத் தெரியாது.

லூஸ் வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அங்கே ஒரு மாடி முழுவதும் ஒரே மட்டத்தில் இல்லை. கூடம் உயரமானது, சில படி மேலே சாப்பாட்டு அறை, அதன் கூரை தாழ்வு, இன்னும் சில படி மேலே சிறிய தனியறை. எந்த அறைக்கு என்ன வேலையோ அதற்குத் தக்க உயரம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலங்களுக்கு இது அப்படியே பொருந்தும் யோசனை. அங்கே பாதி மனைகள் சரிவானவை. நாம் முதலில் ஜேசிபி வைத்து வெட்டி மட்டமாக்கி, பின்னால் உயரமான கருங்கல் தடுப்புச்சுவர் கட்டி, அதற்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு சமதள வீடு கட்டுகிறோம். நிலம் தந்த மூன்று நான்கு அடி வித்தியாசத்தையே உள்ளே எடுத்துக்கொண்டால் சிட்-அவுட் ஒரு மட்டம், கூடம் அதற்குக் கீழே, பின்விளையைப் பார்த்த அறை இன்னும் கீழே என்று வீடு நிலத்தோடு இறங்கிப் போகும். முதியவர்களின் படுக்கையறை, சாப்பாட்டு மேசை, அடுக்களை, பூஜை அறையோ ஜெப அறையோ, இவை மட்டும் படியில்லாமல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மழை எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம்

குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது. வீடு வடிவமைப்பில் இதற்குப் பெரிய அர்த்தம் உண்டு. வடக்குப் பக்கம் வெயில் விழாது, ஆகவே அங்கே தைரியமாகக் கண்ணாடி வைக்கலாம் என்று பல கட்டடக்கலை நூல்கள் சொல்லும். டெல்லிக்கு நண்பகல் நேரத்தில் அது சரி. நமக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து போகிறது. மீதி மாதங்களில் தெற்கே. ஆகவே நம் வீட்டுக்கு வடக்கும் தெற்கும் இரண்டுமே நிழல் கேட்கும் பக்கங்கள்.

எவ்வளவு நிழல் என்று கணக்கிடலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே மிகவும் சாயும்போது நண்பகலில் அது தொடுவானிலிருந்து ஏறக்குறைய 58 பாகை உயரத்தில் இருக்கும். 4 அடி உயர ஜன்னலை அந்த வெயிலிலிருந்து முழுவதும் மறைக்க இரண்டரை அடி சன்ஷேடு வேண்டும். 7 அடிக் கண்ணாடிக் கதவென்றால் நாலேகால் அடி. வடக்கே, ஜூனில் சூரியன் 75 பாகையில் நிற்பதால் அதே 7 அடிக் கதவுக்கு 2 அடி நீட்டினாலே போதும். நம்மூரில் வழக்கமாக எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போடும் சன்ஷேடு ஒரு பக்கத்துக்குக் குறைவு, மறுபக்கத்துக்கு அதிகம். 'மாடர்ன்' என்ற பெயரில் சன்ஷேடையே எடுத்துவிட்ட வீட்டில் திரைச்சீலை எப்போதும் இழுத்து மூடியே இருக்கும். அவ்வளவு விலை கொடுத்த கண்ணாடிக்குப் பின் துணிதான் தெரியும்.

கிழக்கும் மேற்கும் வேறு விதம். அங்கே வெயில் தாழ்வாகப் படுத்து வருவதால் மேலே எவ்வளவு நீட்டினாலும் உதவாது. செங்குத்தான பலகைகள், துளைச்சுவர், மரம் ஆகியவையே தடுக்கும். நான் சொல்லக்கூடிய எளிய வழி: மேற்குப் பக்கத்தில் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர், துணி அலமாரிகள் ஆகியவற்றை அடுக்குங்கள். மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கையறைச் சுவர் இரவில் சுடாது. தென்மேற்குப் பருவமழையின் சாரலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து அடிப்பதால் ஒரே ஏற்பாட்டில் இரண்டு தொல்லையும் தீரும்.

சூரியனின் போக்கைக் கணக்கிட்டுக் கட்டுவது இயலுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்குள் ஒருமுறை நிற்கலாம். காந்தியின் அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் அக்டோபர் 2 அன்று கூரைத் துளை வழியே சூரிய ஒளி விழும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நாளின் ஒளியை ஒரு பீடத்தில் விழவைக்க முடிந்த மாவட்டத்தில், ஜன்னலுக்கு நிழல் கணக்கிட முடியாதா?

இனி கூரை. நம் ஊரில் தட்டையான கூரை போட்ட பலர் சில வருடத்தில் தட்டட்டிக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போட்டுவிடுகிறார்கள். ஒழுகல், மேல்மாடிச் சூடு, மழைக்காலத்தில் துணி உலர்த்த இடம், தேங்காயும் மிளகும் காயவைக்கத் தளம் என்று காரணங்கள் பல. எல்லாமே நியாயமானவை. எலிவேஷன் படத்தில் இல்லாத அந்த ஷீட் வந்ததும், முகப்புக்குச் செலவழித்த அழகு போய்விடும். மக்கள் எடுத்த முடிவில் பிழையில்லை. வரைபடத்தில் முதல் நாளே அதற்கு இடம் கொடுக்காததுதான் பிழை.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களின் பிற்பகுதியில் தொடங்கிக் கட்டப்பட்ட கோல்கொண்டே விடுதி இதற்கு நல்ல பாடம். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து எழுப்பிய அது, இந்தியாவின் முதல் நவீனத்துவக் கட்டடங்களுள் ஒன்று. நீளமான, ஒற்றை அறை அகலமுள்ள கட்டடம். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். அந்தப் பக்கங்களில் கண்ணாடி கிடையாது, திறந்து மூடும் கிடைப்பலகைகள் மட்டும். காற்று உள்ளே வரும், வெயில் வெளியே நிற்கும். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கி இரண்டாவது கூரை போட்டார்கள். நம்மவர்கள் தட்டட்டிக்கு மேலே ஷீட் போடும் அதே தத்துவம், ஆனால் வடிவமைப்பின் உள்ளேயே.

ஆகவே குமரி மாவட்டத்தில் நவீனத்துவ வீடு கட்ட விரும்புகிறவருக்கு என் வெளிப்படையான கருத்து இது: சரிவுக் கூரையோ இரட்டைக் கூரையோ வையுங்கள், அகலமான இறவாரம் விடுங்கள். அதனால் வீடு பழசாகிவிடாது. இலங்கையில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வா குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் உண்டு. அறைகள் ஒன்றுக்குள் ஒன்று தடையின்றி ஓடும் நவீன அமைப்பும் உண்டு. கொழும்பின் வெயிலும் மழையும் நமக்கு அந்நியமில்லை. பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் போகுமுன் அந்த வீட்டின் படங்களைப் பாருங்கள்.

நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த ஆசையின் மூலம் மீஸ் வான் டெர் ரோ 1951ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு. பார்க்க அற்புதமானது. ஆனால் அது ஒரே ஒருவர் வார இறுதியில் தங்கக் கட்டியது. கட்டிய கலைஞரும் வீட்டுக்காரரும் நீதிமன்றம் வரை போனார்கள். குழந்தைகள், முதியவர்கள், விருந்தினர் என்று நிறைந்த நம் குடும்பத்துக்கு அது முன்மாதிரி ஆகாது.

தக்கலையில் இருக்கும் பள்ளிக்கூடம்

நம் மாவட்டத்திலேயே ஒரு கட்டடம் இந்த விஷயங்களைப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தக்கலை அருகே, வேளிமலை அடிவாரத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. 1795ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்த இடம். இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனை என்றதும் பொன்னும் தூண்களும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் உள்ளே மரம், ஓடு, இருண்ட பளபளக்கும் தரை, நிழல் ஆகியவற்றைத்தான் காண்பார்கள். மந்திரசாலையில் அரசர் அமைச்சர்களோடு அமர்ந்த அறைக்கு வெளிச்சம் மரச்சட்டங்களின் இடைவெளி வழியே சீவிச் சீவி வருகிறது. மழை கொட்டும்போதும் அந்தச் சட்டங்களை மூட வேண்டியதில்லை. இறவாரம் தாழ்ந்து இறங்கி நனையாமல் காக்கிறது. மெத்தையும் திரையும் இல்லாமலே அந்த அறை கம்பீரமாக இருக்கிறது.

நவீனத்துவம் கேட்டது இதைத்தான்: பொருள் பொருளாகவே தெரியட்டும், வேலை செய்யாத எதுவும் வேண்டாம். அரண்மனையில் செதுக்கல் இல்லாமல் இல்லை. அரண்மனையின் ஒரு பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஒரு தூண் முழுக்கச் செதுக்கியது. ஆனால் அந்தச் செதுக்கல் சில இடங்களில் குவிந்து நிற்கிறது; பெரும்பாலான இடங்களில் அமைதி. உள் அலங்காரத்துக்குப் பணம் ஒதுக்கும்போது இந்த முறையைப் பின்பற்றலாம். ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு படிக்கட்டு என்று ஓரிடத்தில் நல்ல வேலைப்பாடு செய்துவிட்டு மற்றதை எளிமையாக விடுங்கள். நம் ஆசாரிமாருக்கு இன்னும் கை வேலை தெரியும். தேக்கு எல்லாவற்றுக்கும் கட்டாது என்றால் அயினி இருக்கிறது, பலா இருக்கிறது. இந்த மாவட்டத்து மழையில் பழகிய மரங்கள் அவை.

உள்ளே

தடையில்லாத கூடம் என்பது எல்லாரும் கேட்கும் முதல் விஷயம். உட்காரும் இடமும் சாப்பிடும் இடமும் அடுக்களையும் சுவரின்றி ஒன்றோடொன்று திறந்திருப்பது. இதற்குத் தூண்கள் தள்ளி நிற்க வேண்டும், தூண் தள்ளிப் போனால் பீம் தடிக்கும். தோராயமாக, 24 அடி இடைவெளிக்கு 2 அடி ஆழ பீம் வரும். அதைக் கணக்கில் கொள்ளாமல் 10 அடி உயரத்தில் தளம் போட்டால் நடுக்கூடத்தில் தலைக்கு மேலே ஒரு தடித்த பீம் தொங்கும். பிறகு அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தையும் இழப்போம். கூடம் எவ்வளவு பெரிது என்று முடிவெடுக்கும் நாளிலேயே தள உயரத்தையும் இன்ஜினியரோடு முடிவெடுக்க வேண்டும். நீளமாக வெளியே நீட்டும் போர்ச்சுக்கும் இதே எச்சரிக்கை. அருவிக்கு மேல் நீட்டிய தளங்களுக்காக உலகப் புகழ் பெற்ற ஃபிராங்க் லாயிட் ரைட்டின் ஃபாலிங்வாட்டர் வீட்டிலேயே அந்தத் தளங்கள் தொய்ந்து, 2002ல் இழுவிசைக் கம்பிகள் கொண்டு நிறுத்த வேண்டி வந்தது.

அடுக்களை நம் குடும்பங்களில் சண்டை வரக்கூடிய இடம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். இன்று கடைகளில் விற்கும் மாடுலர் கிச்சனுக்கு மூதாதை 1926ல் ஜெர்மனியில் மார்கரேட் ஷுட்டெ-லிஹோட்ஸ்கி என்ற பெண் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. சமைக்கிறவர் எத்தனை எட்டு வைக்கிறார் என்று பார்த்து, ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் இடத்தில் எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி வைத்தார். அந்த நகரின் புதிய குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. அந்த வடிவமைப்பின் உயிர், சமைக்கும் பெண்ணின் உழைப்பை மதித்தது. நம் வீட்டிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: இந்த வீட்டில் யார் சமைக்கிறார், அவர் உயரம் என்ன, எத்தனை பேர் சேர்ந்து நிற்பார்கள்?

கூடத்துக்குத் திறந்த அடுக்களை அழகுதான். ஆனால் தினமும் மீன் வாங்கும் மாவட்டம் இது. மீன் வெட்ட, தேங்காய் உடைக்க, தாளிக்க, பெரிய பாத்திரம் கழுவ, பின்னால் காற்றோட்டமான வொர்க் ஏரியா தேவை. பல வீடுகளில் முன்பக்கம் பளபளக்கும் ஷோ கிச்சனுக்கு நாலு பங்கு பணம், உண்மையில் சமையல் நடக்கும் வொர்க் ஏரியாவுக்கு ஷீட் கூரையும் மங்கிய ஒரு பல்பும். அப்படிச் செய்யாதீர்கள். நல்ல வெளிச்சம், மேடைக்குச் சரியான உயரம், வழுக்காத தரை, கிணற்றையோ தோட்டத்தையோ பார்க்கும் ஒரு ஜன்னல், இவற்றை அந்த இடத்துக்குக் கொடுங்கள். மேடைக்குக் கிரானைட் போதும். பளிங்கில் புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு போகும், மஞ்சள் கறை தங்கிவிடும்.

இரண்டு மாடி உயரக் கூடம் வைத்தால் சூடான காற்று மேலே ஏறும்; உச்சியில் திறப்பு இருந்தால் அது வெளியே போய்க் கீழே புதுக்காற்று வரும். உச்சியை அடைத்துவிட்டால் அதே சூடு மேல்மாடி அறைகளில் போய் நிற்கும். கீழே ஓடும் டிவி சத்தம் மேலே படிக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். படிக்கும் அறையை அந்த வெளியைப் பார்க்காத பக்கம் வைத்தால் தீரும். குழந்தைகளை நினைத்துக் கட்டிய நவீனத்துவ வீடு எதுவென்று கேட்டால் நான் அகமதாபாத்தில் லெ கொர்பூசியே 1950களில் மனோரமா சாராபாய்க்கும் அவருடைய இரு மகன்களுக்கும் கட்டியதைச் சொல்வேன். இணையான செங்கல் சுவர்கள், காற்று வரும் திசைக்குத் திறந்த முகப்பு, மண்ணும் புல்லும் போட்ட கூரை. மாடியிலிருந்து நீச்சல்குளத்துக்குள் நேராக இறங்கும் ஒரு கான்கிரீட் சறுக்கும் உண்டு. வில்லா சவொய் கட்டிய அதே மனிதர், வேறு வானிலைக்கு வந்ததும் முற்றிலும் வேறான வீட்டைக் கட்டினார்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்குள் 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள மஞ்சள் சார்ந்த ஒளி இதமானது. கூரை முழுக்கப் புள்ளி விளக்குகளைத் தூவுவதைவிட, படிக்கும் நாற்காலிக்கு ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு ஒன்று, சுவரைக் கழுவி இறங்கும் ஒன்று என்று வேலை பார்த்து வைப்பது நல்லது.

உப்புக்காற்றும் பாசியும்

நவீனத்துவத்தின் எளிமை எளிதாக வருவதல்ல. பூவேலையும் வளைவும் இருந்தால் கோணல் மறையும். வெறும் சுவரில் ஒரு நூல் விலகினாலும் தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கூடுதல் பணம் போக வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்பு கம்பியைத் தின்னும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும், கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. சாதாரணச் சூழலுக்கு விதித்த எம்20, 20 மில்லிமீட்டர் அளவில் கட்டினால் சில வருடத்தில் தளத்தின் அடிப்பக்கம் வெடித்து உதிரத் தொடங்கும். கைப்பிடிக்கு ஸ்டீல் வாங்கினால் 316 தரம் கேளுங்கள், 304 கடற்காற்றில் துருப்பொட்டு விழும்.

வெள்ளைச் சுவரை மழை கறுப்பாக்குவது இங்கே எல்லாரும் பார்த்ததுதான். தண்ணீர் சுவர் வழியே வழிவதால்தான் பாசி பிடிக்கிறது. சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு சொட்டுக்காடி (சிறிய பள்ளக் கோடு) வெட்டினால் தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். பாராப்பெட்டின், அதாவது தட்டட்டிக் கைப்பிடிச்சுவரின், தலைப்பைத் தட்டட்டிப் பக்கம் சாய்த்தால் வெளிச்சுவரில் கோடு விழாது. தட்டட்டிக்கு 8 அடிக்கு 1 அங்குலமாவது வாட்டம் வேண்டும், தண்ணீர் இறங்கும் குழாய்கள் இரண்டுக்குக் குறையாமல் வேண்டும். ஒன்றில் இலை அடைத்தால் மற்றொன்று வேலை செய்யும். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, முகப்பில் ஒட்டும் மரநிறத் தகட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வரைபடத்தில் எதைக் கேட்பது

எலிவேஷன் படத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அளவோடு போட்ட தரைப்படம் கேளுங்கள். கதவு திறக்கும் திசையும் அதில் இருக்க வேண்டும். அடுத்து வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். பீம் எங்கே வருகிறது, வெளிச்சம் எதுவரை எட்டுகிறது, மாடி உயரம் என்ன என்பது அதில்தான் புரியும். பிறகு கூரையின் மேல்தோற்றம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எந்தக் குழாயில் இறங்கி எந்த மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டது. மனையில் ஏற்கெனவே நிற்கும் மா, பலா, தென்னை ஒவ்வொன்றையும் தரைப்படத்தில் புள்ளியிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். 12 சென்ட் மனையில் மேற்கு ஓரம் நிற்கும் ஒரு பலாமரம் வீட்டுக்குக் கொடுக்கும் நிழலை எந்தத் திரையாலும் வாங்க முடியாது; அஸ்திவாரம் தோண்டும் கோட்டை நாலடி நகர்த்தினால் அது பிழைக்கும்.

பணம் நெருக்கினால் குறைக்க வேண்டிய வரிசை: முதலில் முகப்பு ஒட்டுவேலை, அடுத்து ஃபால்ஸ் சீலிங், அடுத்து சோபாவும் திரையும். குடியேறிய பிறகும் இவற்றை வாங்கலாம். கூரை, நீர்க்காப்பு, கம்பிமூடல், ஜன்னல் சட்டம், குழாய், வயரிங் ஆகியவற்றில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள், பின்னால் இவற்றை மாற்றுவதற்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.